சனி இரவு, பதிப்பு மாற்றம்

கந்தோர் பூட்டியாயிற்று.
திருமலை வீதியில் கடைசிக் கொத்துக்கடைத் தகடு
இரண்டு தட்டுத் தட்டி ஓய்ந்தது.
சேர்வர் அறையில் நானும்
சளிபிடித்த குளிரூட்டியும்.

எங்கள் கம்பனிக்கு அறுபத்துமூன்று கணினி.
அறுபத்துமூவர் என்று கணக்காளர் பகிடி விடுவார்.
வாழைச்சேனை தொடங்கித் திருக்கோவில் வரை
எல்லாவற்றிலும் உலாவி ஒரே பதிப்பாக வேண்டும்,
திங்கள் எட்டரைக்குள்.
கொழும்பிலிருந்து வந்த கடிதத்தில்
பாதுகாப்பு ஓட்டை என்ற சொல் ஆறு தடவை.

வெள்ளி பின்னேரமே எல்லாருக்கும் எழுதினேன்:
கணினியை அணைக்காதீர்கள்,
திறந்து வைத்ததை மூடிவிட்டுப் போங்கள்.
காத்தான்குடி ஜெசீமா
எண்பத்துநாலு தாவலைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தாள்.
அது மறதி இல்லை, அதுதான் அவள் ஞாபகம்:
வட்டி அட்டவணை, முச்சக்கரவண்டி விலை,
மகளின் ஸ்கொலர்ஷிப் வெட்டுப்புள்ளி,
பாதியில் நின்ற கடவுச்சீட்டுப் படிவம்.
இங்கிருந்தே ஒவ்வொன்றையும் குறித்து வைத்துவிட்டுத்தான் மூடினேன்.
விதியில் அப்படி இல்லை.

முதலில் ஐந்துக்கு அனுப்பு, ஒரு கிழமை பார், மறுகா மற்றதுக்கு.
படித்தது அது.
கிழமையை யார் தந்தார்? ஒரு மணித்தியாலம் பார்த்தேன்.
பார்த்த ஐந்தும் தலைமைக் கந்தோர்க் கணினிகள்:
புதிசு, சுத்தம்,
திருக்கோவிலைக் கண்டதே இல்லை.

பதினொன்றேகாலுக்கு அனுப்பினேன்.
சிவப்பு ஒவ்வொன்றாய்ப் பச்சையானது.
கட்டாருக்குப் போய்விட்ட துவாரகனின் பெயரில்
இன்னும் ஒரு கணினி இருக்கிறது,
அதுவும் சொல்கேட்டுத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
கரண்ட் போகவில்லை. அது அதிசயம்.
இரண்டு மணிக்கு எல்லாம் பச்சை.
கல்லடிப் பாலத்தால் போகையில்
தோணி விளக்குகளை எண்ணினேன், பழக்கதோஷம்:
ஏழு இணைப்பில்,
ஒன்று பதிலில்லை.

திங்கள் எட்டு முப்பத்தைந்து. திருக்கோவில் யசோதினி.
"என்ன கா செஞ்ச நீங்க?
ஆக்கள்ற பேரெல்லாம் போயிட்டு."

போகவில்லை. அங்கேதான் கிடந்தன.
பதினாலு வருசத்துக்கு முந்திய கடன் பதிவேடு,
பாமினி எழுத்துருவில் யாரோ கட்டிய பக்கம்.
பழைய உலாவி அதைத் தமிழ்போலக் காட்டி
இத்தனை காலம் மானம் காத்தது.
புதியதுக்கு நடிக்கத் தெரியாது.
படம் எடுத்து அனுப்பினாள்:
கரைவலைக்காரர் நூற்றுத்தொண்ணூறு பேர்
ஆங்கில எழுத்துக் குப்பையாய்.
மெய்யின் தலையில் இருந்த புள்ளிகள்
பக்கத்தில் இறங்கி
அரைப்புள்ளியாய் நின்றன.
சாமித்தம்பிக்கு இரண்டு. கந்தப்போடிக்கு இரண்டு.
பூபாலபிள்ளைக்கு ஒன்று.

"தவணை கட்ட ஆக்கள் வரிசையில நிக்காங்க.
யாரெண்டு கூப்பிட?"

பழைய பதிப்பை இறக்கலாம், நாலு நிமிட வேலை.
ஓட்டையும் கூடவே இறங்கும்.
விசைக்கு மேலே என் விரல் நின்றது.
அந்தப் பக்கம் மேசையில் ஏதோ தட்டும் சத்தம்.
"யசோ?"
"இரிங்க கா."

விவாகப் பதிவு, காணி உறுதி, அந்தியேட்டி அழைப்பு:
தம்பிலுவில் கொம்யூனிகேஷன் கடையில்
ஆறு வருசம் பாமினி அடித்தவள்.
கண்ணுக்குக் குப்பை,
விரல்களுக்கு இல்லை.
வெறும் மேசையில் அடித்துப் பார்க்கிறாள்,
அடிக்க அடிக்க வாய் சொல்கிறது:

"கந்தப்போடி அருளம்பலம்."
சற்றுத் தள்ளி ஒரு குரல்: "ஓம்."
காசு எண்ணும் சத்தம்.
மீண்டும் மேசை.
"சாமித்தம்பி நேசராசா... இல்ல, பொறுங்க... நேசதுரை."
"ஓம், ஓம்."

தொலைபேசியை வைக்க மறந்து
நான் மாற்றுநிரல் எழுதத் தொடங்கினேன்,
அவள் சொல்லச் சொல்லச் சரிபார்த்தபடி.
மதியத்துக்குள் எழுபது பேர் தமிழுக்குத் திரும்பினார்கள்.
மற்றவர்களை நாளைக்கு வரச் சொன்னாள்.

அறிக்கை ஏற்கெனவே கொழும்புக்குப் போயிருந்தது:
அறுபத்துமூன்றில் அறுபத்துமூன்று வெற்றி.
என் பட்டியலில் திருக்கோவில்
காலையிலிருந்தே பச்சை.